தகவல் பாதுகாப்பு யார் கணக்கில்?

காலையில் ஐரோலி ரயில் நிலையத்தில் இறங்கி மைண்ட்ஸ்பேஸ் வளாகத்துக்குள் நுழையும் கூட்டத்தில் நம்மவர்களுக்குக் குறைவில்லை. கணக்கர், புரோகிராமர், மனிதவளத் துறையினர் என்று பலர். என்னைப் போல ‘செக்யூரிட்டி’ என்று சொல்லிக்கொள்பவர்கள் சிலர். (ஊரில் என் பெரியம்மா அதை வாசலில் நிற்கும் வேலை என்றே நம்புகிறார். கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.)

கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் எங்களுக்கும் மற்றத் துறையினருக்கும் பல அலுவலகங்களில் ஒத்துப்போவதில்லை. “எதைக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்றதுக்கே இவங்களுக்குச் சம்பளம்” என்பார்கள் அவர்கள். “எதைக் கண்டாலும் கிளிக் பண்ணிடுவாங்க” என்போம் நாங்கள். இந்தப் பிணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, ஐரோலிக்குத் தெற்கே நவ சேவாவில் உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகம் கண்ட நிகழ்ச்சி ஒன்றே போதும்.

2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்ற கணினிக் கிருமி உலகெங்கும் பரவியது. மெர்ஸ்க் குழுமத்தின் முனையம் ஒன்று நவ சேவாவில் உண்டு. அங்கே கணினிகள் முடங்க, கண்டெய்னர் வேலையைக் கையால் செய்து பார்க்க வேண்டியதாயிற்று. கிருமி வந்த வழி, உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பயன்படும் எம்.இ.டாக் என்னும் மென்பொருள். ஒடெசாவில் இருந்த அலுவலகத்தில் நிதிப்பிரிவினர் ஒருவர் கேட்டதால், ஒரே ஒரு கணினியில் அதை நிறுவியிருந்தார்கள். வரி கட்ட வேண்டியவர் கேட்டது நியாயமான தேவை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஓர் அறையில் பற்றிய தீ வீடு முழுக்கப் பரவாமல் தடுக்க நடுவில் சுவர் இல்லை. நான்காயிரம் சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் மீண்டும் அமைத்ததாக அந்நிறுவனத் தலைவரே 2018-இல் டாவோஸில் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனம் கணக்கிட்டது.

என்னை உறுத்துவது அந்தத் தொகை அல்ல. வலைப்பின்னலைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும், பழைய இயங்குதளங்களை மாற்ற வேண்டும் என்று உள்ளிருந்தவர்களே 2016-இல் வற்புறுத்தினார்களாம். ஒப்புதலும் கிடைத்தது, பணமும் ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்த வேலை மூத்த அதிகாரிகளின் செயல்திறன் மதிப்பீட்டில் இடம்பெறவில்லை. செய்தால் போனஸ் கூடாது. அதனால் முழுதாக நடக்கவில்லை என்று ‘வயர்ட்’ இதழ் 2018-இல் எழுதியது. யார் கணக்கிலும் எழுதப்படாத வேலையை யார் செய்வார்?

என் சொந்த அனுபவம் இவ்வளவு பெரிதல்ல. நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில், கணக்குப் பிரிவுத் தங்கை ஒருத்தி போலி மின்னஞ்சலில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. “ஏம்மா சொல்லல?” என்றேன். “போன மாசம் ஒருத்தர் சொன்னாரு, அவரு பேரைப் போட்டு எல்லாருக்கும் மெயில் அனுப்பிட்டீங்களே அண்ணா” என்றாள். அந்த மெயிலை எழுதியவன் நான்தான். 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய ஊடுருவலைத் தெரிந்துகொண்ட ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எங்களுக்குத் தெரிவதற்கே இரண்டு நாள் ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதன்பின் மாதக் கடைசியில் கணக்குப் பிரிவில் போய் உட்கார ஆரம்பித்தேன். அங்கேதான் ஒரு விஷயம் புரிந்தது. மைக்ரோசாஃப்ட் திருத்தங்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாய் வெளியிடுகிறது. அது எட்டாம் தேதிக்கும் பதினான்காம் தேதிக்கும் இடையில் விழும். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் பதினொன்று. நாங்கள் கணினிகளை அணைத்து ஏற்றச் சொன்ன இரவுகளில் அவர்கள் இன்வாய்ஸ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்தியது அலட்சியத்தால் அல்ல. பாதிக் கணினிகளுக்கு அன்றிரவே, மீதிக்குத் தாக்கல் முடிந்த மறுநாள் மாலை என்று பேசி வைத்தோம். அவசரத் திருத்தம் என்றால் மட்டும் தேதி பார்ப்பதில்லை. அதையும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

பென் டிரைவை மூடியபோதும் இதே கதைதான். ஆடிட்டருக்குக் கோப்பு அனுப்ப வேறு வழி கொடுக்காமல் மூடினோம். சொந்த ஜிமெயிலில் அனுப்பினார்கள். வழி ஒன்றைத் திறந்துவிட்டுத்தான் இன்னொன்றை மூட வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு ஏறவே வெகுநாள் பிடித்தது.

அந்த அலுவலகத்தில் கடைசியாக நடந்த மாற்றம்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. திருத்தங்கள் நேரத்துக்கு ஏறினவா என்பதைக் கணக்குப் பிரிவுத் தலைவரின் ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரியாகச் சேர்த்தார்கள். என் மதிப்பீட்டிலும் ஒரு வரி சேர்ந்தது: எங்களால் தாமதமான தாக்கல்கள் எத்தனை? முதல் ஆண்டு என் வரியில்தான் மதிப்பெண் குறைந்தது.