விதைநெல்லும் மூலநிரலும்

கணிப்பொறி வாங்கச் செல்வோர் அதன் விலை என்ன, நினைவகம் எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு உத்தரவாதம் என்றெல்லாம் வினவுவர். அதனை இயக்குவது எது என்று வினவுவோர் மிகச் சிலரே. மின்விசையை அழுத்தியதும் திரையில் தோன்றுவது எதுவோ அதுவே கணிப்பொறி என்று கொள்ளும் வழக்கம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. ஆயின், அங்ஙனம் தோன்றுவது கணிப்பொறி அன்று. இயங்குதளம் எனப்படும் மென்பொருளே அது. விசைப்பலகையில் அழுத்திய எழுத்தைத் திரைக்குக் கொணர்வதும், எழுதிய கட்டுரையை வட்டில் சேமிப்பதும், அச்சுப்பொறியை ஏவுவதும், ஒரே நேரத்தில் பல நிரல்கள் இயங்குங்கால் நினைவகத்தை அவற்றுக்குப் பகிர்ந்தளிப்பதும் அதன் பணிகள். மடையைத் திறந்தும் அடைத்தும் முறை வைத்து வயல்களுக்கு நீர் பங்கிடுபவர் இல்லையேல் ஆற்றில் நீர் இருந்தும் பயனில்லை என்பதைக் காவிரிப் படுகையில் வாழும் நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதனை இன்று ஆராய வேண்டிய தேவை என்ன? நம் பகுதி இல்லங்களில் உள்ள கணிப்பொறிகளுள் பெரும்பாலானவை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளத்தைக் கொண்டவை. அவற்றுள் விண்டோஸ் 10 பதிப்புக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்தப்பட்டன. தனியே பதிவு செய்துகொள்ளும் இல்லப் பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லினைக் கட்டாயமாக்கியதோடு, ஏறத்தாழ 2018ஆம் ஆண்டுக்கு முற்பட்ட செயலிகள் பலவற்றையும் ஏற்க மறுத்துவிட்டது. எனவே, பொறி பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்க, அதன் இயங்குதளம் மட்டும் காலாவதியாகும் நிலை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைக்கும் தமையனார் ஊருக்கு வரும்போது கொணர்ந்த மடிக்கணினியும், அரசு வழங்கிய மடிக்கணினியும் இந்நிலைக்கு விலக்கல்ல.

விண்டோஸ் 11 இல்லப் பதிப்பைத் தனியே விலைகொடுத்து வாங்குவதாயின் இந்தியாவில் அதன் விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டியது. 2025-26 பருவத்தில் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அவ்விலைக்கு நான்கு குவிண்டால் நெல்லை எடைபோட்டுக் கொடுத்தாலும் ஓர் இயங்குதளத்தின் விலைக்குப் போதாது. இக்கணக்கை உணர்ந்தே பலர் மூன்றாவது வழியொன்றை நாடுகின்றனர். அதாவது, பழுது நீக்குபவர் முந்நூறோ ஐந்நூறோ பெற்றுக்கொண்டு ஏற்றித் தரும் களவுப் படி. இதனைத் தவறென்று உணராமலே நல்ல குடும்பத்தார் பலரும் செய்துவருகின்றனர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆ பிரிவு, முறைகேடான நிரற்படி என அறிந்தே அதனைப் பயன்படுத்துவோர்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. வணிக ஆதாயமின்றிப் பயன்படுத்தியோர்க்குச் சிறை தவிர்த்து 50,000 ரூபாய் வரையிலான தண்டத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பூட்டை உடைக்கும் நிரலோடு உளவு நிரலும் உடன் வருமாயின், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை யாரிடம் ஒப்படைத்தோம் என்பதே நமக்குத் தெரியாமற் போகும்.

களவும் வேண்டா, பத்தாயிரமும் இயலாது என்போர்க்கு வழி உண்டா எனின், உண்டு. அதுவே லினக்ஸ் முதலான கட்டற்ற இயங்குதளங்கள். அவற்றின் தோற்றத்தைச் சுருங்கக் காண்போம்.

தமிழ் பயில்வோர்க்கு மூலபாடம் என்னும் சொல் பழக்கமானது. உரையாசிரியர் பலர் உரை வகுத்தாலும், மூலம் கையில் இருந்தால்தான் உரை சரியா பிழையா என்று நாம் தெளிய முடியும். மென்பொருளுக்கும் மூலம் உண்டு. நிரலாளர் எழுதுவது மனிதர் படித்தறியத்தக்க மூலநிரல். பொறி ஏற்பது அதிலிருந்து பெயர்க்கப்பட்ட எண்கோவை. வணிக மென்பொருள் எண்கோவையை மட்டும் விற்று, மூலநிரலைப் பேழையில் வைத்துப் பூட்டிக்கொள்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், அங்கு வந்திறங்கிய அச்சுப்பொறியொன்றில் தாள் சிக்குவதைப் பயனருக்கு அறிவிக்கும்படி நிரலைத் திருத்த விழைந்தார். மூலநிரலைப் பிறருக்குத் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்துவிட்டோம் என விடை வந்தது. அச்சினத்தின் விளைவு பெரிது. 1983இல் அவர் குனு என்னும் கட்டற்ற இயங்குதளப் பணியை அறிவித்தார். அதில் குறைபட்டிருந்த கருவகத்தை 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். இரண்டும் இணைந்ததே நாம் பொதுவாக லினக்ஸ் என வழங்கும் இயங்குதளம். எப்பணிக்கும் பயன்படுத்தலாம், உள்ளே புகுந்து கற்கலாம், திருத்தலாம், பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கலாம் என நான்கு உரிமைகளை அது பயனர்க்கு வழங்குகிறது. திருத்திய வடிவத்தைப் பிறர்க்கு வழங்குவோர் அதன் மூலநிரலையும் உடன் வழங்குதல் வேண்டும் என்பது குனு பொது உரிமத்தின் நிபந்தனை.

இந்நிபந்தனை நம் மண்ணுக்குப் புதிதன்று. திருத்துறைப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற மரபு நெல் வகைகளை ஊர் ஊராகத் தேடி மீட்டவர். ஆதிரெங்கத்தில் அவர் ஆண்டுதோறும் நடத்திய நெல் திருவிழாவில் உழவர்க்கு இரண்டு கிலோ விதைநெல் விலையின்றி வழங்கப்படும். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். அங்ஙனம் பெருகிய வகைகள் 170க்கும் மேற்பட்டவை. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். பெற்றவர் பெற்றதோடு நில்லாது பெருக்கித் தருதல் வேண்டும் என்ற அவ்வேற்பாட்டுக்கும் பொது உரிமத்துக்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிப்பது. வேற்றுமையும் உண்டு. விதைநெல்லைக் கொடுத்தால் கொடுத்தவர் குதிரில் அவ்வளவு குறையும். நிரலைப் படியெடுத்துக் கொடுத்தால் கொடுத்தவரிடம் எதுவும் குறைவதில்லை. மேலும், 2001ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், காப்புரிமை பெற்ற வகையாயினும் அதன் விளைச்சலை விதையாகச் சேமிக்கவும், மீள விதைக்கவும், பகிரவும், நிறுவன முத்திரையிட்ட விதையாக அல்லாமல் விற்கவும் உழவர்க்கு உரிமை தந்துள்ளது. வணிக மென்பொருள் வாங்கியவர்க்கு அத்தகைய உரிமை இல்லை. மடிக்கணினியோடு உடன்வரும் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அந்தப் பொறிக்கே உரியது. பொறி பழுதானால் வேறொன்றுக்கு மாற்ற இயலாது.

ஆனால், மரபு நெல்லைப் போற்றுவோர் மறைக்கும் உண்மை ஒன்றுண்டு. உயர்ந்து வளரும் சில வகைகள் காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்துவிடும்; விளைச்சலும் குறைவு. ஆகவேதான் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குட்டை வகைகளை நம் உழவர் விரும்பி விதைக்கின்றனர். கட்டற்ற இயங்குதளத்தைப் பரிந்துரைப்போரும் அதன் சாய்வுகளை மறைத்தல் முறையன்று. டேலி போன்ற கணக்குப் பதிவு மென்பொருளும், அடோபி நிறுவனத்தின் பேஜ்மேக்கர், போட்டோஷாப் முதலியனவும் விண்டோஸில் இயங்குபவை. லினக்ஸில் நேராக இயங்கா. சில அச்சுப்பொறிகளுக்கு உரிய இயக்கிகள் கிடைப்பது அரிது. அனைத்திற்கும் மேலாக, பழுது நேர்ந்தால் யாரிடம் செல்வது? தஞ்சையிலோ கும்பகோணத்திலோ விண்டோஸ் ஏற்றித் தரும் கடைகள் தெருவுக்கு இரண்டு உள்ளன. லினக்ஸ் அறிந்தவரைத் தேடிக் காண வேண்டும்.

தமிழகத்தின் பட்டறிவே இதற்குச் சான்று. 2007ஆம் ஆண்டையொட்டி, தமிழ்நாடு மின்னணுக் கழகமாகிய எல்காட், சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றிற்று. அவ்வாண்டிலேயே சென்னை சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இந்திய மொழிகளுக்கான இயங்குதளத்தை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்சுற்றுப் பொறிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் அருகருகே இடம்பெற்றிருந்தன. பயனர் விரும்பியதைத் தேர்ந்து நுழையலாம். அந்த ஸ்டார்ட்டர் பதிப்போ திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்றவொட்டாதது. பாஸ் பதிப்புக்கு அத்தகைய கட்டு ஏதும் இல்லை. இருப்பினும் மாணவர் பலர் பாஸை ஒருமுறையும் திறவாமலே அழித்துவிட்டு, அவ்விடத்தைத் திரைப்படம் சேமிக்கக் கொண்டனர். அவர்களைக் குறைகூறுதல் எளிது. எம் கருத்தில் குறை அவர்களுடையதன்று. விதை கொடுத்தவர்கள் பயிர் செய்யும் முறையைச் சொல்லித்தரவில்லை. அதனை அறிந்த ஆசிரியர் பள்ளிகளில் மிகச் சிலரே, கடைக்காரரும் அறியார். அண்டை மாநிலமாகிய கேரளம் இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டது. அங்கு ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின்கீழ் முதலில் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்து, பாடநூலையும் தேர்வையும் கட்டற்ற மென்பொருளிலேயே அமைத்தனர். பள்ளிகளில் லினக்ஸ் நிலைபெற்றது. நம் மாநிலத்திலும் 2018இல் வெளியான பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும், ஓப்பன் ஆபீஸும் இடம்பெற்றன. பாடநூல் மாறிய பின்னும் வீட்டுப் பொறி மாறவில்லை என்பது வேறு செய்தி.

இனி, யார் எதனைத் தேர்வது? வீட்டிலிருந்தே வணிகக் கணக்கு எழுதுவோரும், அச்சகத்துக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்போரும் விண்டோஸை விலைகொடுத்து வாங்கிவிடுதலே நன்று. ஈட்டும் வருவாயில் அது தொழிற்செலவு. பொறியோடு உரிமமும் உடன்வந்த புதுக் கணிப்பொறியாயின் அதனை அழிக்க வேண்டிய அவசரமும் இல்லை. ஆனால், கட்டுரை எழுதவும், இணையத்தில் படிக்கவும், விண்ணப்பங்கள் நிரப்பவும், நிரலாக்கம் பயிலவும் கணிப்பொறி வேண்டும் மாணவர்க்கு லினக்ஸ் போதும் என்பது மட்டுமன்று, அதுவே மேல் என்றும் துணிந்து கூறலாம். லிபர் ஆபீஸ் என்னும் அலுவலகத் தொகுப்பும் பயர்பாக்ஸ் உலவியும் பெரும்பாலான லினக்ஸ் வகைகளோடு கட்டணமின்றியே வருகின்றன. நான்கு ஜி.பி. நினைவகம் உள்ள பழைய பொறியிலும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு தடையின்றி ஓடும். கணினியியல் பயிலும் மாணவர்க்கோ, பின்னாளில் அவர் பணியாற்றப்போகும் வழங்கிகளில் பெரும்பாலானவை லினக்ஸிலேயே இயங்குவன என்பதும், கையிலுள்ள ஆண்ட்ராய்டு பேசியின் கருவகமும் லினக்ஸே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

அஞ்சுவோர்க்கு எளிய வழி ஒன்றுண்டு. எட்டு ஜி.பி. கொள்ளளவுள்ள விரலி ஒன்றில் லினக்ஸை எழுதி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். வட்டில் உள்ள எதுவும் மாறாது. ஒலி வருகிறதா, கம்பியில்லா இணைப்புக் கிடைக்கிறதா, அச்சுப்பொறி பணிகிறதா என்று சில நாள்கள் பார்த்த பின்னர் நிறுவுவதா வேண்டாவா என்று முடிவு செய்யலாம். நாற்றங்காலில் முளைப்பைப் பாராமல் நடவுக்கு ஆள் அழைப்பார் உண்டோ? ஐயம் எழுந்தால் 2012 முதல் தமிழிலேயே வெளிவரும் கணியம் இதழின் கட்டுரைகள் துணைபுரியும்.

தமிழ்த்துறையினர் தனியே கவனிக்க வேண்டியது எழுத்துருச் சிக்கல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. 2010இல் ஒருங்குறியை அரசு தரமாக ஏற்றது. இவ்விரண்டையும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒருங்கே பயன்படுத்தலாம். தமிழும் அரபும் ஒரே வரியில் எழுதுவதற்கும் இரண்டிலும் தடையில்லை. ஆயினும், அதற்கு முன் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆய்வேடுகளும் மலர்க் கட்டுரைகளும் பல பேராசிரியர்களின் வட்டுகளில் இன்றும் கிடக்கின்றன. அவ்வெழுத்துரு நிறுவப்படாத பொறியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். இயங்குதளத்தை மாற்றுவோர், எந்தத் தளத்துக்கு மாற்றினும் சரி, அக்கோப்புகளை முதலில் ஒருங்குறிக்குப் பெயர்த்துக்கொள்ளல் வேண்டும். அதற்குரிய மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின், கொம்பும் துணைக்காலும் தத்தம் இடத்தில் உள்ளனவா, ஆய்தமும் கிரந்த எழுத்துகளும் பிறழாது வந்தனவா என்று பக்கந்தோறும் மெய்ப்புப் பார்த்துவிட்டே பழைய வட்டைத் துடைக்க வேண்டும்.