குளியலறை லைட்டும் 2.25 மீட்டரும்

இங்கிலாந்தில் வீட்டுக்காரரே தன் குளியலறையில் லைட் மாட்டலாம். சட்டம் தடுப்பதில்லை. ஆனால், எந்த இடத்தில் மாட்டுகிறார் என்று கேட்கிறது.

வீட்டு மின்வேலைகளுக்கான ‘பார்ட் பி’ எனப்படும் கட்டட விதி 2005 ஜனவரி 1 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் எம்.பி. ஜென்னி டாங்கின் மகள் தன் வீட்டுச் சமையலறையில் மின்சாரம் தாக்கி இறந்தார். சுவருக்குள் முறையில்லாமல் சாய்வாகப் போட்டிருந்த ஒயரை, கரண்டி மாட்டும் உலோகத் தாங்கியின் திருகாணி துளைத்திருந்தது. 2013இல் இங்கிலாந்து விதிகளைத் தளர்த்தியபோது, முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய சில்லறை வேலைகளின் பட்டியலிலிருந்து சமையலறையே கழன்றுகொண்டது! குளியலறை மட்டும் தப்பவில்லை.

அதிலும் முழு அறை அல்ல. குளியல் தொட்டி அல்லது ஷவர் தட்டின் விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம். ஷவர் தலை அதைவிட உயரத்தில் இருந்தால் அதுவரை. தட்டில்லாத ஷவர் என்றால் பக்கவாட்டில் 1.2 மீட்டர். இந்த எல்லைக்குள் புதிதாக ஒரு லைட்டுக்கு ஒயர் இழுத்தால், வேலை தொடங்கும் முன்பே உள்ளூர் கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய லைட்டைக் கழற்றி அதே இடத்தில் வேறொன்றை மாட்டுவதற்கு அது தேவையில்லை. புது சர்க்யூட் இழுப்பதென்றால் வீட்டின் எந்த மூலையானாலும் தெரிவித்தே ஆக வேண்டும்.

தெரிவிக்கத் தேவையில்லை என்பதற்காக எதையும் மாட்டிவிட முடியாது. ஈரத்தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதனால்தான் பி.எஸ்.7671 என்ற ஒயரிங் தரவிதி, தொட்டிக்கு மேலே வரும் லைட் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.4 தரத்தில் இருக்கவும், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. பொருத்தவும் சொல்கிறது. அங்குள்ள குளியலறைக் கூரைகளில் கயிறு இழுக்கும் சுவிட்ச் தொங்குவதும் இதே காரணத்தால்தான். ஈரக்கை கயிற்றை மட்டுமே தொடும்.

பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் தன் வேலைக்குத் தானே சான்றளித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரரோ அலுவலகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். சின்ன வேலைக்கு அந்தக் கட்டணமே கூலியை மிஞ்சிவிடலாம் என்பதால், சொல்லாமல் முடித்துக்கொள்ளும் ஆசை வருவதில் வியப்பில்லை. விதியின் பலவீனமும் அதுதான். வீட்டை விற்கும்போது நிரப்பும் படிவத்தில், 2005 ஜனவரி 1க்குப் பிறகு மின்வேலை ஏதும் நடந்ததா என்ற கேள்வி இருக்கிறது. ஆம் என்றால் சான்றிதழையும் காட்ட வேண்டும்.