சாத்கர் மலைத் தீயும் கனடாவின் புகையும்

மாசி பிறந்தால் வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டைச் சுற்றியுள்ள மலைகளில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். சாத்கர் மலைச் சரிவில் இரவில் நெருப்பு ஊர்ந்தால், அது புதுப்புல் துளிர்க்கட்டும் என்று யாரோ வைத்ததாக இருக்கலாம். அணைக்காமல் எறிந்த பீடித் துண்டாகவும் இருக்கலாம். நம் நாட்டில் காடு தானாகப் பற்றிக்கொள்வது அபூர்வம்.

2023-24 தீப்பருவத்தில் இந்தியக் காடுகளில் செயற்கைக்கோள்கள் கண்ட தீப்புள்ளிகள் 2,03,544 என்கிறது டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம். கனடாவில் 2023இல் பற்றிய காட்டுத்தீ சில ஆயிரம்தான். ஆனால் அவற்றிலிருந்து வெளியேறிய கரிமம் சுமார் 64 கோடி டன். சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்றைத் தவிர வேறெந்த நாடும் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயுவை எரித்து ஓராண்டில் அவ்வளவு வெளியிடுவதில்லை. ஒரே தீ பல புள்ளிகளாகப் பதிவாகும் என்பதால், எண்ணிக்கையை வைத்து நாடுகளை ஒப்பிடுவது ஆரம்பத்திலேயே வழி தவறுகிறது.

தீயின் உமிழ்வைக் கணக்கிட நான்கு விவரங்கள் வேண்டும்: எரிந்த பரப்பு, ஒரு ஹெக்டேரில் இருந்த எரிபொருள், அதில் உண்மையில் எரிந்த பங்கு, ஒரு டன் எரிந்தால் வெளிவரும் வாயு. காய்ந்த புல்லோ சருகோ ஒரு டன் எரிந்தால் ஏறத்தாழ 1,600 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். நாடுகளை வேறுபடுத்துவது பெரும்பாலும் இரண்டாவது விவரம். நம் மலையில் எரிவது தரைத்தீ. சருகையும் புல்லையும் தின்று நகர்கிறது. கனடாவின் ஊசியிலைக் காட்டில் மரமும், அதனடியில் பல தலைமுறைகளாகச் சேர்ந்த மட்கும் சேர்ந்தே எரிகின்றன. இந்தோனேசியாவில் 2015இல் எரிந்ததோ, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பீட் என்னும் சதுப்பு மண். அது புகைந்து புகைந்து எரிவதால் மீத்தேனும் பல மடங்கு அதிகம்.

எரிந்தது திரும்புமா என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே எரிந்த புல் அடுத்த மழையில் முளைத்து, விட்ட கரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் வழிமுறை, புல்வெளித் தீயில் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் மட்டுமே எண்ணுகிறது. பீட் மண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நாடுகள் ஐ.நா.வுக்குத் தரும் கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. மனிதர் பராமரிக்கும் நிலத்தின் உமிழ்வை மட்டும் காட்டினால் போதும் என்பது விதி. கனடா, பராமரிக்கும் காட்டில்கூடப் பெருந்தீயை இயற்கைச் சேதமாகப் பிரித்து மொத்தத்திலிருந்து விலக்கிவிடுகிறது. விதிப்படி அது சரியே. ஆனால் வானில் சேர்ந்த கரிமம் அந்த விதியைப் படிப்பதில்லை. விலக்கிய அளவையும் மொத்தத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடாத எந்த ஒப்பீட்டையும் நம்பக் கூடாது.

அப்படியானால் பேரணாம்பட்டுத் தீ சிறிய விஷயமா? இல்லை. ஆண்டுதோறும் எரியும் சரிவில் விதை முளைத்தாலும் கன்று தாக்குப்பிடிப்பதில்லை. முதிர்ந்த மரம் சாயும்போது அந்த இடத்தை நிரப்ப இளமரம் இருக்காது. காடு மெல்லப் புதராகிவிடும். அந்த இழப்பு எந்த ஆண்டின் புகைக் கணக்கிலும் தெரியாது. ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் இறங்கிவரும் காடு இது. அவற்றின் தீவனமும் இதே சரிவில்தான் இருக்கிறது.

வன அளவை நிறுவனத்தின் இணையதளத்தில் கைப்பேசி எண்ணைப் பதிந்தால், உங்கள் பகுதியில் தீ தென்பட்டதும் இலவசமாகக் குறுஞ்செய்தி வரும். மலையடிவார ஊர்களில் இருப்பவர்கள் அடுத்த மாசிக்குள் பதிந்துவையுங்கள்.