பாரதியாரின் கடிதத்தைப் பெற்ற கவர்னர்

செம்மங்குப்பத்தில் இருக்கும் நமக்குக் கடலூர் பக்கத்து ஊர். மகாகவி பாரதியார் கடலூர்ச் சிறையில் இருந்தார் என்பதை நம்மில் பலர் அறிவோம். அங்கிருந்து அவர் 1918 நவம்பர் 28-ஆம் நாள் ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினார். அது சென்னை மாகாணக் கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவுக்கு எழுதப்பட்டது. யார் இந்தப் பிரபு?

அவருடைய இயற்பெயர் ஜான் சின்க்ளேர். 1860-இல் பிறந்தவர். முதலில் ராணுவ அதிகாரியாக இருந்து, பிறகு லிபரல் கட்சியின் சார்பில் பாராளுமன்றம் சென்றார். 1905 முதல் 1912 வரை ஸ்காட்லாந்து விவகாரங்களுக்குரிய மந்திரி. அவர் காலத்தில், 1908-இல் வந்த கல்விச் சட்டம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்யவும் உணவளிக்கவும் வழி செய்தது. மதிய உணவின் அருமை தெரிந்த நமக்கு, அவரை மதிக்க இது ஒன்றே போதும். சிறு குடியானவர்களின் நில உரிமையை உறுதி செய்யும் மசோதாவையும் கொண்டுவந்தார். மக்கள் சபை அதை ஏற்றது. பிரபுக்கள் சபை தடுத்தது. 1911-இல்தான் அது சட்டமாயிற்று.

பிரபு என்றவுடன் பெரிய பணக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. அது அரசர் வழங்கும் பட்டம். பட்டம் பெற்றவர் அன்று மேல்சபையில் அமரலாம்; அவருக்குப் பின் மூத்த மகனுக்கு அது சேரும். சின்க்ளேர் 1909-இல் பென்ட்லண்ட் பிரபு ஆனார். 1912 அக்டோபரில் நம் மாகாணத்துக்குக் கவர்னராக வந்தார்.

வந்தவர் நல்ல காரியங்களும் செய்தார். கணித மேதை இராமானுஜன் கேம்பிரிட்ஜ் செல்வதற்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தந்தபோது, அதற்குக் கவர்னரின் ஆதரவு இருந்தது. 1914 மார்ச் 17-இல் இராமானுஜன் கப்பலேறினார். அதே ஆண்டு ஜூலையில் சென்னைக் கடற்கரையில் பெண்களுக்கென அரசுக் கல்லூரி ஒன்று 37 மாணவியருடன் தொடங்கியது. அதுவே பின்னாளில் ராணி மேரிக் கல்லூரி. அங்கே ஒரு கட்டடத்துக்குப் பென்ட்லண்ட் பெயரே வைக்கப்பட்டது.

ஆனால் சுயாட்சி என்ற பேச்சு எழுந்ததும் அந்த முகம் மாறிவிட்டது. 1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையாரையும் அருண்டேல், வாடியா ஆகிய இருவரையும் காவலில் வைக்க உத்தரவிட்டார். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. செப்டம்பரில் அம்மையார் விடுதலையானார். டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரசுக்கு அவரே தலைவர்! கவர்னர் எதிர்பார்த்தது இதுவன்று.

பாரதியாருக்கு அந்தப் பலம் இல்லை. பத்தாண்டுகள் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வாழ்ந்தவர், உலகப்போர் முடிந்தவுடன் தாய்நாடு திரும்பலாம் என்று புறப்பட்டார். எல்லையைக் கடந்ததும், 1918 நவம்பர் 20-இல், கடலூர் அருகே கைதானார். எட்டாம் நாள் அந்த விண்ணப்பம். தாம் அரசியலை விட்டுவிட்டதாகவும், சட்டத்துக்கு அடங்கி நடப்பதாகவும், தம்மை விடுவிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். "அச்சமில்லை" என்று பாடியவரா இப்படி எழுதினார் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தாண்டு வறுமை, மனைவி செல்லம்மா, இரு பெண் குழந்தைகள் - இவற்றை நினைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். வெட்கப்பட வேண்டியவர் எழுதியவரா, எழுத வைத்தவரா? பிள்ளைகளின் பசியை அறிந்த மந்திரிக்கு, சிறைக் கம்பிக்குப் பின்னால் ஒரு தகப்பன் இருப்பது தெரியாமற் போயிற்றே என்பதுதான் நம் வருத்தம்.

பெசன்ட் அம்மையாரும் சி. பி. ராமசாமி ஐயரும் பாரதியாருக்காகப் பரிந்து பேசினர். டிசம்பர் 14-இல் விடுதலை கிடைத்தது, அதுவும் நிபந்தனையோடு. அவர் திருநெல்வேலி மாவட்டத்திலேயே தங்க வேண்டும். எழுதுவதை முதலில் போலீசாருக்குக் காட்ட வேண்டும்.

1919 மார்ச்சில் பென்ட்லண்ட் பிரபு பதவிக்காலம் முடிந்து சென்னையை விட்டுச் சென்றார். அப்போது பாரதியார் செல்லம்மாவின் ஊரான கடையத்தில், போட்ட தடைகளோடு இருந்தார். 1920-இல்தான் அவை நீங்கின.