வலிக்காமல் ஒரு மசாஜ்

உடம்பு பிடித்து விடுவது என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நல்லெண்ணெயை ஊற்றி, "அம்மா, போதும்!" என்று நாம் கதறும் வரை தேய்க்கும் கைகள்தானே? சதையை அழுத்தவே கூடாது, தோலை மெல்ல நகர்த்தினால் போதும் என்கிற மசாஜும் உலகத்தில் உண்டு!

பிரான்ஸின் தென் கடற்கரையில் உள்ள கான் நகரில், 1930-களில் எமில் வாடர் என்ற டென்மார்க்காரர் தம் மனைவி எஸ்ட்ரிட்டுடன் மசாஜ் செய்து வந்தார். ஓயாத ஜலதோஷத்துடன் வந்தவர்களுக்கெல்லாம் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைக் கவனித்தார். அதைத் தொடக் கூடாது என்பது அன்றைய வைத்திய விதி. வாடர் டாக்டர் அல்லவே, துணிந்துவிட்டார்! வட்ட வட்டமாக, பூவைத் தொடுவது போலத் தடவினார். 1936-ல் பாரிஸில் அந்த முறையைத் தம்பதிகள் உலகுக்குக் காட்டினார்கள்.

ரத்தத்தைத் தள்ள இருதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு பம்பு கிடையாது. அதன் குழாய்கள் தாமே சுருங்குவதாலும், நாம் நடப்பதாலும், மூச்சு விடுவதாலும் மெல்ல ஊர்ந்து, காறையெலும்பின் அருகே ரத்தத்தில் கலக்கிறது.

அழகுக்காகக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். வயிற்றுத் தோலை இறுக்கித் தைக்கிறார்கள். அப்போது அந்த நுண்ணிய குழாய்கள் பலவும் அறுபடுகின்றன. நீர் தேங்குகிறது. இளைக்கப் போனவள் கண்ணாடியில் பார்த்தால், முன்னைவிடப் பெருத்திருக்கிறாள்! பாவம், அழுகைதான் வரும். வீக்கம் முழுவதும் வடியச் சில வாரங்கள், சமயத்தில் மாதங்கள்கூட ஆகும் என்று யாரும் அவளுக்கு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த நேரத்தில்தான், "பலமாக அழுத்தினால் சீக்கிரம் வடியும்" என்று யாராவது கிளம்புவார்கள். நம்பாதீர்கள். தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடும் குழாய்கள் நசுங்கி, வீக்கம் அதிகமாகலாம். தையல் வாயிலிருந்து நீரைப் பிதுக்கி எடுப்பவர்களும் உண்டு. கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும் வேலை அது! வலித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மரியாதைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம்.

கொழுப்பு கரையும் என்ற விளம்பரமும் வீண். வீக்கமும் வலியும் குறையச் சிலருக்கு இது கை கொடுக்கிறது, அவ்வளவே. எப்போது ஆரம்பிக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரே சொல்ல வேண்டும். இருதய நோய் இருந்தால் அவரிடம் மறைக்காதீர்கள். ஜுரம், தோல் சிவந்து சுடுவது, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் – இவற்றில் ஒன்று கண்டாலும் மசாஜை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்று. ஆபரேஷன் வயிற்றில், இவளோ முதலில் கழுத்தைத் தடவுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். தேங்கிய நீர் போய்ச் சேருமிடம் அங்கேதான் இருக்கிறது.