ஒரு பாட்டு ஹிட் ஆனா வேலையை விட்டுடலாமா?

ப்ரியா ராகு பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? சுவிட்சர்லாந்துல பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பொண்ணு. ஆர் அண்ட் பி பாடகி. 2020-ல வந்த ‘குட் லவ் 2.0’தான் அவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தின பாட்டு. ஃபிஃபா 21 கேம்லகூட அது இருக்கு. அண்ணன் ரோஷான் (ஜாஃப்னா கோல்டுன்னு பேர் வச்சிருக்கார்) இசை, தங்கச்சி குரல். வார்னர் மாதிரி பெரிய கம்பெனி ஒப்பந்தம் போட்டுது. 2021-ல ‘டேம்ன்ஷீஸ்தமிழ்’, 2023-ல ‘சந்தோஷம்’னு ஆல்பமே வந்துடுச்சு.

சரி, ஆடிட்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறீங்களா? அந்தப் பாட்டு பண்ணும்போது அவங்க நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரங்க. ஒரு விமான நிறுவனத்துல பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட், விமானத்துக்கு பார்ட்ஸ் வாங்குற வேலை. அம்பத்தூர் எஸ்டேட்ல வென்டருக்கு பி.ஓ. போட்டுட்டு உக்காந்திருக்கிற உங்களுக்கு இது ரொம்பப் பக்கத்துல இருக்கிற கதை. முப்பதைத் தாண்டியும் வேலையில இருந்தாங்க. நடுவுல லீவு எடுத்து நியூயார்க் போய் பாட்டு எழுதிட்டு வந்தாங்க. சம்பளம்தான் அவங்களோட முதல் இன்வெஸ்டர்னு நான் சொல்வேன். பங்கும் கேக்காது, வட்டியும் கேக்காது.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் நம்ம ஊர்லயே இருக்கு. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’. அரக்கோணத்துக்காரர் அறிவு எழுதி, தீயோட சேர்ந்து பாடினது. ஆவடி ரயில்ல அன்னைக்கு அது ஒலிக்காத போனே இல்ல. மூணு வருஷம் கழிச்சு, 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையா சொன்னார்: அந்தப் பாட்டுல இருந்து எங்களுக்கு ஒரு பைசா வரலைன்னு. அந்தத் தகராறுல யார் சரி, யார் தப்புன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. வியூஸ் வேற, பேங்க் பேலன்ஸ் வேறங்கிறதை மட்டும் பாருங்க.

கம்பெனி ‘அட்வான்ஸ்’ தர்றாங்கன்னா துள்ளாதீங்க. உதாரணத்துக்கு அட்வான்ஸ் 5 லட்சம், வீடியோவுக்கு அவங்க போட்டது 3 லட்சம், உங்க ராயல்டி 20 சதவீதம்னு வைங்க. அந்த 8 லட்சமும் உங்க பங்குல இருந்துதான் கழியும்னு ஒப்பந்தத்துல இருந்தா, பாட்டு 40 லட்சம் சம்பாதிச்ச பிறகுதான் உங்க அக்கவுன்ட்டுக்கு அடுத்த ரூபா வரும். அந்த 5 லட்சத்தை நம்பி ராஜினாமா கடிதம் எழுதினா என்ன ஆகும்? பூந்தமல்லியில வீட்டு வாடகை, சாப்பாடு, வண்டி டியூன்னு மாசம் 35,000 செலவாகுற ஆளுக்கு ஒரு வருஷத்துக்கே 4.2 லட்சம் வேணும். அட்வான்ஸ் அங்கேயே காலி.

அதனால வேலையில இருந்துட்டே பண்ணுங்க. ஆனா முதல்ல உங்க ஆஃபர் லெட்டரைத் தேடி எடுங்க. வெளியில சம்பாதிக்கக் கூடாதுன்னு ஒரு ஷரத்து அதுல இருக்கலாம். இருந்தா ஹெச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. வாய்வார்த்தை எல்லாம் அப்ரைசல் சமயத்துல காத்துல போயிடும்.

இப்ப டாக்ஸுக்கு வருவோம். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. 2025-26 நிதியாண்டு, புது ரெஜிம். உங்க சம்பளம் 12 லட்சம். ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 போனா 11.25 லட்சம், வரி பூஜ்யம். ஜாலி. இப்ப பாட்டு மூலமா 1.5 லட்சம் வருது. மொத்தம் 12.75 லட்சம் ஆயிடுச்சு, 12 லட்சம் கோட்டைத் தாண்டியாச்சு, ரிபேட் போச்சு. வரி 71,250, செஸ் சேர்த்து 74,100. ஒன்றரை லட்சம் சம்பாதிச்சு பாதிய கட்டுறீங்க! கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சது 15,000தான். மீதி 59,100 உங்க பொறுப்பு. பத்தாயிரத்துக்கு மேல பாக்கி இருக்கிறதால அட்வான்ஸ் டாக்ஸ் தவணையா கட்டணும், தவறினா வட்டி. சம்பளக்காரங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 படிவமும் இனி உங்களுக்குச் செல்லாது.

இப்ப ஸ்டுடியோ வாடகை, மிக்ஸிங், கிடார் வாசிச்சவருக்குக் கொடுத்த சம்பளம்னு 75,000 செலவுக்கு ஒழுங்கான பில் வச்சிருக்கீங்கன்னு வைங்க. பாட்டு வருமானம் 75,000 ஆகக் குறையும், மொத்தம் சரியா 12 லட்சத்துல நிக்கும். வரி பூஜ்யம். பிடிச்ச 15,000 ரீஃபண்டா திரும்பி வரும். ஸ்டுடியோக்காரர் ‘ஜிபே பண்ணிடுங்க தம்பி, பில்லு எதுக்கு’ன்னு சொன்னா, சிரிச்சுட்டே பில் கேட்டு வாங்குங்க.