உரியாமல் ஒட்டியிருக்க வேண்டும், அதுதான் பாடு

படபடப்பு என்று டாக்டரிடம் போனால் இசிஜி எடுப்பார்கள். தாளில் பதிவாவது பத்து விநாடிதான். அந்தப் பத்து விநாடியில் இதயம் சமர்த்தாகத் துடித்துவிட்டால் 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து படுத்தால் நடுராத்திரியில் மறுபடியும் படபடப்பு. துடிப்புக் கோளாறுகளில் பல இப்படி வந்துவந்து போகிறவை. அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் தூங்கும்போதும் குளிக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் நம்மோடு இருக்கிற கருவி வேண்டும்.

இதை முதலில் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்காரரான நார்மன் ஹோல்டர். 1940களின் பிற்பகுதியில் அவர் செய்த கருவியை முதுகில் கட்டிச் சுமக்க வேண்டும். எடை சுமார் 38 கிலோ. இதய நோயாளிக்கு ஏற்ற எடைதான்! பிறகு அது சுருங்கிச் சுருங்கி இடுப்பில் மாட்டும் சிறு பெட்டியாயிற்று. 'ஹோல்டர் போட்டுப் பார்க்கலாம்' என்று டாக்டர்கள் இன்றும் சொல்வது அவர் பெயரைத்தான். மார்பில் பல இடங்களில் எலக்ட்ரோடு ஒட்டி, வயர்களைப் பெட்டியில் செருகி, பெரும்பாலும் 24 மணி நேரம் அல்லது 48 மணி நேரம் பதிவு செய்வார்கள்.

இப்போது வயரே இல்லாத பேட்ச் வந்திருக்கிறது. இடது மார்பின் மேல்பக்கம் பிளாஸ்திரி மாதிரி ஒட்டிவிட்டால் 14 நாள் வரை பதிவு செய்யும். 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 146 பேருக்கு ஹோல்டரையும் பேட்ச்சையும் ஒரே நேரத்தில் மாட்டிப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்திருந்த முதல் 24 மணி நேரத்தில் ஹோல்டர் 61 கோளாறுகளைப் பிடித்தது; பேட்ச் 52 மட்டுமே. ஆனால் ஹோல்டரைக் கழற்றிய பிறகும் பேட்ச் ஒட்டியே இருந்தது. முழுக் கணக்கையும் கூட்டியபோது பேட்ச் 96, ஹோல்டர் அதே 61.

ஒரு நாள் போட்டியில் தோற்ற கருவி, நாள் கூடக்கூட ஜெயித்துவிட்டது. அதனால் இந்தத் துறையில் வடிவமைப்பாளர் படும் பாட்டில் பெரும்பகுதி சிப்பில் இல்லை. பசையிலும் தோலிலும் இருக்கிறது.

இதயத்தின் மின்சாரம் தோலுக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட்தான், அதாவது வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை வாங்க வெள்ளியும் வெள்ளி குளோரைடும் சேர்ந்த எலக்ட்ரோடு, அதற்கும் தோலுக்கும் நடுவில் உப்பு கலந்த ஜெல். நாளாக ஆக ஜெல் காயும். காய்ந்தால் சிக்னல் மங்கி இரைச்சல் ஏறும். தோலின் மேல்பரப்போ செத்த செல்களின் அடுக்கு; அது தானாகவே உதிர்ந்துகொண்டிருப்பது. பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிடித்திருப்பது உதிரப்போகிற அடுக்கைத்தானே? ஒட்டுவதற்கு முன் முடியை மழித்து, அந்த இடத்தைச் சொரசொரப்பான பட்டையால் தேய்ப்பது இதற்காகத்தான். பசையைக் கெட்டியாக்கினால் அரிப்பும் கொப்புளமும் வரும். வயதானவர்களுக்குப் பிரித்தெடுக்கும்போது தோலே கிழியும். முழுக்க மூடினால் உள்ளே வியர்வை தேங்கும், காற்றுப் போக விட்டால் ஜெல் சீக்கிரம் காயும்.

அசைவு இன்னொரு தொல்லை. திரும்பிப் படுத்தால் தோல் இழுபடும். இழுபட்ட தோலே தன் பங்குக்கு ஒரு மின்னழுத்தத்தைக் கிளப்பும். அது இதய சிக்னலைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே அலைவரிசையில் கலந்துவிடுவதால் வடிகட்டிப் பிரிப்பதும் லேசில்லை. அதிகமாக வடிகட்டினால் கோடு அழகாக வரும், ஆனால் டாக்டர் பார்க்க வேண்டிய வளைவும் மாறிப்போகும். தோலோடு சேர்ந்து வளைந்து நீளும் மின்சுற்றுகளை அமெரிக்க விஞ்ஞானி ஜான் ரோஜர்ஸின் குழுவினர் 2011இல் செய்துகாட்டியது இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது.

பேட்டரிக் கணக்கு கறாரானது. கடிகாரக் கடையில் கிடைக்கும் 2032 பட்டன் செல்லின் கொள்ளளவு சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி. 14 நாளுக்கு 336 மணி. வகுத்தால் சராசரியாக 0.67 மில்லிஆம்பியருக்கு மேல் செலவழிக்க முடியாது. பெரிய பேட்டரி வைத்தால் எடை கூடும், எடை கூடினால் பேட்ச் உரியும். கம்பியில்லாமல் தகவல் அனுப்புவதுதான் மின்சாரத்தை நிறைய இழுக்கும். எனவே சில பேட்ச்கள் எதையும் அனுப்பாமல் உள்ளேயே சேமிக்கின்றன. விலையாக, மூன்றாம் நாள் வந்த ஆபத்தான துடிப்பு பேட்ச்சைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் தெரியவரும். உடனே தெரிந்தாக வேண்டிய நோயாளிக்கு அது உதவாது.

கைக்கடிகாரம் வேறு வழியில் போகிறது. பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் பாய்ச்சி, ரத்தம் வந்து வந்து போகும்போது திரும்பும் வெளிச்சம் கூடிக் குறைவதை எண்ணுகிறது. ஜெல்லும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஆப்பிள் வாட்ச்சை வைத்து அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். 'துடிப்பு ஒழுங்கில்லை' என்ற எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு. அவர்களில், சரிபார்க்க அனுப்பிய பேட்ச்சை ஒட்டித் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) இருந்தது. மற்றவர்களுக்கு வந்ததெல்லாம் பொய் எச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது. பேட்ச் வந்து சேர்வதற்குள் கோளாறு போயிருக்கலாம்.

நம் நிறத்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: தோலின் மெலனின் பச்சை வெளிச்சத்தை விழுங்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வேலை செய்வதும் வெளிச்சத்தால்தான். அது ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வெளிச்சத்தை நம்பும் எந்தக் கருவியையும் எல்லா நிறத்தவர் மேலும் வைத்துப் பார்க்காமல் விற்கக் கூடாது என்பேன்.

கண்டுபிடித்துவிட்டால் காப்பாற்றிவிட்டதாக ஆகுமா? டென்மார்க்கில் சுமார் 6,000 முதியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தோலுக்கு அடியில் கருவி வைத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெரியவந்தது. வைக்காதவர்களில் 12 சதவீதம். இந்தக் கோளாறில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம் என்பதால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டவர்களும் அதற்கேற்ப அதிகம். ஆனால் பக்கவாதம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை என்று 2021இல் அறிவித்தார்கள். அறிகுறி உள்ளவருக்கு நீண்ட பதிவு பெரிய உதவி. ஒன்றுமில்லாதவர் சும்மா மாட்டிக்கொள்வதால் என்ன லாபம் என்பது இன்னும் தீராத வழக்கு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கடிகாரமும் மார்பு பேட்ச்சும் துடிப்பின் ஒழுங்கைத்தான் பார்க்கின்றன. மாரடைப்பைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் எடுக்கும் 12 லீடு இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். நெஞ்சு அழுத்தி வலித்தால், கடிகாரம் 'நார்மல்' என்று காட்டினாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.